ஏப்ரல் 14 காலையில் தீயணைப்பு நிலையத்தில் மலர்வளையம் யாருக்கு?

வாசகர் ஒருவரின் கேள்வி இது: "எங்கள் வீட்டுக்கு எதிரே தீயணைப்பு நிலையம். ஒவ்வொரு வருடமும் சித்திரை முதல் நாள் காலையில் சீருடையில் வரிசையாக நின்று மலர்வளையம் வைக்கிறார்கள். இந்த வருடம் என் மகன், 'யாருப்பா செத்தது?' என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அம்பேத்கர் பிறந்தநாளுக்காக என்று சொல்லி வைத்தேன். அது சரியா? நம் ஊர்த் தீயணைப்பு வீரர்கள் யாராவது இறந்திருக்கிறார்களா? எப்படி இறக்கிறார்கள்?"

அம்பேத்கர் பிறந்தநாளும் அன்றுதான், தமிழ்ப் புத்தாண்டும் அன்றுதான். ஆனால் அந்த மலர்வளையம் இரண்டுக்கும் அல்ல. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ஒரே மாலையில் இறந்த 66 தீயணைப்பு வீரர்களுக்கானது. நாடு முழுவதும் அந்த நாளைத் தீயணைப்புப் பணி நாளாக அனுசரிக்கிறார்கள். தமிழ்நாட்டில் அதற்குத் 'தீத்தொண்டு நாள்' என்று பெயர். அடுத்து 20ஆம் தேதி வரை தீத்தொண்டு வாரம். மலர்வளையம் வைப்பதை எங்கள் துறையில் 'நீத்தார் நினைவு' என்போம். நான் இந்தத் துறையில் முப்பது ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்து ஓய்வு பெற்றவன். எத்தனையோ முறை அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். உண்மையைச் சொன்னால், முதல் சில வருடங்கள் பம்பாயில் என்ன நடந்தது என்று எனக்கும் முழுதாகத் தெரியாது. இரண்டு நிமிடம் மௌனம், அப்புறம் டீ, அவ்வளவுதான். அதனால் உங்கள் மகனிடம் தவறாகச் சொல்லிவிட்டதற்காக வருத்தப்பட வேண்டாம்.

பம்பாயில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

'ஃபோர்ட் ஸ்டிகின்' என்பது 1942இல் கனடாவில் கட்டப்பட்ட சரக்குக் கப்பல், 7,142 டன். இரண்டாம் உலகப் போர்க் காலம். 1944 பிப்ரவரி 24 அன்று இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டிலிருந்து கிளம்பி, ஜிப்ரால்டர், போர்ட் சையது, கராச்சி வழியாக ஏப்ரல் 12 அன்று பம்பாய் விக்டோரியா டாக்குக்கு வந்து சேர்ந்தது. அதில் இருந்த வெடிபொருள் மட்டும் ஏறக்குறைய 1,400 டன்: டார்பிடோ, கண்ணிவெடி, பீரங்கிக் குண்டு. கூடவே போர் விமானங்கள், மரம், பழைய இரும்பு, 31 பெட்டிகளில் தங்கக் கட்டிகள். இது போதாதென்று கராச்சியில் ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகளையும் எண்ணெய்ப் பீப்பாய்களையும் ஏற்றினார்கள். அந்தச் சமயத்தில் பஞ்சாபிலிருந்தும் சிந்துவிலிருந்தும் ரயிலில் பஞ்சு அனுப்பத் தடை இருந்ததால், வியாபாரிகளுக்குக் கடலை விட்டால் வழியில்லை. பஞ்சையும் வெடிமருந்தையும் ஒன்றாக ஏற்றுவதா என்று கேப்டன் நெய்ஸ்மித் எதிர்ப்பைப் பதிவு செய்தார். ஆனால் போர்க் காலத்தில் அது எடுபடவில்லை.

வெடிமருந்து இருக்கும் கப்பல் சிவப்புக் கொடி ஏற்ற வேண்டும் என்பது வழக்கம். இந்தக் கப்பலில் அந்தக் கொடி பறக்கவில்லை. முதலில் இறக்க வேண்டிய சரக்கு வெடிமருந்துதான், ஆனால் கப்பல் இரண்டு நாள் சரக்கோடு துறையிலேயே நின்றது. 14ஆம் தேதி மதியம் 2 மணி வாக்கில் இரண்டாம் எண் சரக்கு அறையிலிருந்து புகை வருவதைப் பார்த்தார்கள். யாரோ அணைக்காமல் போட்ட பீடியோ சிகரெட்டோ காரணமாக இருக்கலாம் என்பார்கள். அடியில் பஞ்சு, அதே அறையின் மேல் தட்டில் வெடிமருந்து.

பம்பாய்த் தீயணைப்புப் படையிலிருந்து முதலில் வந்தவர்களுக்கு இது என்ன கப்பல் என்பது மேலே ஏறிய பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் அவர்கள் இறங்கவில்லை. மேலும் வண்டிகளைக் கூப்பிட்டார்கள். படையின் தலைமை அதிகாரி நார்மன் கூம்ஸ் நேரில் வந்தார். தீ எங்கே இருக்கிறது என்றே புகையில் தெரியவில்லை. பஞ்சுப் பொதி எரிந்தால் இதுதான் பெரிய தொல்லை. கொழுந்து விட்டு எரியாது, உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டு போகும். மேலே எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் பொதியின் நடுவுக்குப் போகாது. 900 டன்னுக்கு மேல் தண்ணீர் அடித்தார்கள். அந்தத் தண்ணீர் கப்பலுக்குள் கொதித்தது. இன்னொன்றும் நடந்தது. தண்ணீர் மட்டம் ஏற ஏற, எரிகிற பொதிகள் அதில் மிதந்து மேலே ஏறின. மேலே வெடிமருந்து. அணைக்க அடித்த தண்ணீரே நெருப்பைத் தூக்கிக்கொண்டு போய் வெடிமருந்துக்குப் பக்கத்தில் வைத்தது. இதைப் பயிற்சி வகுப்பில் எங்களுக்குச் சொன்னபோது வகுப்பே அமைதியாகிவிட்டது.

கரையில் என்ன நடந்தது தெரியுமா? கப்பலைத் துறையிலேயே மூழ்கடிக்கலாம் என்றார் ஒருவர். கடலுக்கு இழுத்துக்கொண்டு போகலாம் என்றார் இன்னொருவர். ராணுவம், துறைமுகம், கப்பல் என்று ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்களே தவிர, முடிவெடுக்க ஒருவரும் இல்லை. அதற்குள் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போய்விட்டது. 3.50க்குக் கப்பலை விட்டு எல்லோரும் இறங்கச் சொன்னார்கள். இறங்கிய தீயணைப்பு வீரர்கள் ஓடிப்போகவில்லை, துறைமேடையில் நின்று தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். 4.06க்கு முதல் வெடிப்பு. கப்பல் இரண்டாகப் பிளந்தது. 12 கிலோமீட்டர் தள்ளி இருந்த ஜன்னல் கண்ணாடிகள் உடைந்தன. 4.34க்கு இரண்டாவது வெடிப்பு. வெகு தொலைவில் சிம்லாவில் இருந்த நிலநடுக்கக் கருவிகூட அதிர்வைப் பதிவு செய்தது. பக்கத்தில் நின்ற 'ஜலபத்மா' என்ற கப்பல் துறைமேடை மேல் தூக்கி எறியப்பட்டது. எரியும் பஞ்சும் இரும்புத் துண்டும் ஊருக்குள் மழையாக விழுந்தன. தங்கக் கட்டிகூட ஒரு வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்தது என்பது எல்லோருக்கும் பிடித்த கதை. அதைத்தான் ஜனங்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த 66 பேரை அல்ல.

மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் 800 முதல் 1,300 வரை கணக்குச் சொல்கிறார்கள். 80,000 பேர் வீடிழந்தார்கள். 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள், 83 பேர் காயமடைந்தார்கள். கூம்ஸ் எப்படியோ பிழைத்துக்கொண்டார், கேப்டன் நெய்ஸ்மித் பிழைக்கவில்லை. தீ கட்டுக்குள் வர மூன்று நாள். இடிபாடுகளை அள்ள 8,000 பேருக்கு ஏழு மாதம். தணிக்கை காரணமாக இந்தியாவிலிருந்து செய்தியாளர்கள் இதை வெளியே அனுப்ப மே மாதம் வரை முடியவில்லை. ஜப்பானியர் பிடியில் இருந்த சைகோன் வானொலியோ மறுநாளே விவரமாகச் சொல்லிவிட்டது. செத்தவர்களின் ஊர்க்காரர்களுக்குத் தெரியும் முன்னால் எதிரி நாட்டு வானொலி கேட்டவர்களுக்குத் தெரிந்தது என்றால் பாருங்கள்.

மும்பை பைக்குலாவில் தீயணைப்புப் படைத் தலைமையகத்தில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் பாருங்கள்.

சரி, இனி உங்கள் இரண்டாவது கேள்வி. நம் ஊரில் யார்?

சென்னைக்காரர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் அன்பழகன். சேப்பாக்கத்தில், கடற்கரைச் சாலையில், எழிலக வளாகத்தில் கலச மஹால் இருக்கிறது. ஆற்காடு நவாபின் சேப்பாக்கம் அரண்மனையின் ஒரு பகுதி, 1768இல் கட்டியது. பிற்காலத்தில் அங்கே அரசு அலுவலகங்கள் இயங்கின. 2012இல் பொங்கல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று இரவு தாண்டி, 16ஆம் தேதி அதிகாலை நேரத்தில் அங்கே தீப்பிடித்தது. ஊரே விடுமுறையில் இருக்க, நம் ஆட்கள் உள்ளே போனார்கள். கூரை சரிந்து விழுந்தது. அன்பழகன் அங்கேயே இறந்தார். அந்த அணியை வழிநடத்தி உள்ளே போயிருந்த கோட்ட அலுவலர் பிரியா ரவிச்சந்திரன் கடுமையான தீக்காயத்துடன் மீட்கப்பட்டு, நீண்ட சிகிச்சைக்குப் பின் பணிக்குத் திரும்பினார். வீரத்துக்கான அண்ணா பதக்கம் அவருக்குக் கிடைத்தது. வேறு வீரர்களும் காயப்பட்டார்கள்.

இந்த இடத்தில் கூரையைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். எப்படி இறக்கிறார்கள் என்று கேட்டீர்களே, அதற்கு விடை அங்கேதான் இருக்கிறது. சினிமாவில் தீயணைப்பு வீரர் நெருப்பில் எரிந்து சாவார். நிஜத்தில் நம் நகரங்களில் பெரும்பாலும் கட்டடம் மேலே விழுந்து சாகிறார், அல்லது ஏதாவது வெடித்துச் சாகிறார். பழைய சென்னைக் கட்டடங்களில் மெட்ராஸ் டெரஸ் என்று ஒரு தளம் போடுவார்கள். தேக்கு உத்தரம், அதன் மேல் சட்டங்கள், அவற்றின் மேல் சின்னச் செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை, அதற்கு மேல் ஜல்லிச் சுண்ணாம்பு, கடைசியில் ஓடு. நூறு வருடம் வெயிலும் மழையும் தாங்கும் அருமையான தளம்தான். ஆனால் அந்தப் பாரம் முழுவதும் மரத்தின் மேல் நிற்கிறது. கீழே தீ எரியும்போது உத்தரம் மெதுவாகக் கரியாகி மெலிகிறது. மேலே இருக்கும் செங்கல்லும் சுண்ணாம்பும் எரியாது, எடையும் குறையாது. கீழே நின்று பார்ப்பவனுக்குக் கூரை முழுசாகத்தான் தெரியும்.

அப்புறம் நாங்கள் அடிக்கிற தண்ணீர். ஒரு குழாய் நிமிடத்துக்கு 400, 500 லிட்டர் அடிக்கும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. இரண்டு குழாய் பத்து நிமிடம் ஓடினால் எட்டிலிருந்து பத்து டன். பாதி வெளியே வழிந்து போகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மீதி? சுண்ணாம்புத் தளம் குடிக்கிறது. அலுவலகமாக இருந்தால் காகிதக் கட்டுகள் குடிக்கின்றன. ஜவுளிக் கிடங்காக இருந்தால் துணி மூட்டைகள் குடிக்கின்றன, குடித்து உப்பிச் சுவரைத் தள்ளுகின்றன. பம்பாயில் பஞ்சை மிதக்க வைத்த அதே தண்ணீர், நம் ஊரில் கூரை மேல் உட்கார்ந்துகொள்கிறது. அடிக்காமலும் இருக்க முடியாது. அதனால்தான் அனுபவமுள்ள நிலைய அலுவலர் குழாய் பிடிப்பவனை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார். உத்தரம் சுவரில் உட்காரும் இடத்தைப் பார்ப்பார், சுவர் உப்புகிறதா என்று பார்ப்பார், பூச்சு உதிரும் சத்தத்தைக் கவனிப்பார். அடித்த தண்ணீர் வெளியே வரவில்லை என்றால் அது எங்கே போகிறது என்று கேட்பார். இரும்புத் தூண் வைத்த கட்டடம் இதைவிட மோசம். வெறும் இரும்பு 550 டிகிரி செல்சியஸ் வாக்கில் பாதி பலத்தை இழந்துவிடும். சாதாரண அறைத் தீயே அதைத் தாண்டிப் போகும். மரமாவது விழும் முன்னால் முனகும்.

மதுரையில் நடந்ததும் இதே கதைதான். 2020 நவம்பர், தீபாவளிச் சமயம். விளக்குத்தூண் பக்கம் நவபத்கானா தெருவில் பழைய கட்டடம் ஒன்றில் இருந்த ஜவுளிக் கடை தீப்பிடித்தது. உள்ளே போய் அணைத்துக்கொண்டிருந்தபோது கட்டடம் இடிந்து விழுந்தது. சிவராஜன், கிருஷ்ணமூர்த்தி என்ற இரண்டு வீரர்கள் இடிபாட்டில் சிக்கி இறந்தார்கள். தீபாவளி இரவு எங்கள் துறையில் ஒருவருக்கும் விடுப்புக் கிடையாது. ஊர் முழுக்கப் பட்டாசு வெடிக்கும்போது நிலையத்தில் எல்லோரும் பூட்ஸைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்போம்.

மும்பையில் 2015 மே 9 அன்று கல்பாதேவியில் கோகுல் நிவாஸ் என்ற பழைய குடியிருப்பில் தீ. குடியிருந்தவர்களை எல்லாம் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். பிறகு கட்டடம் சரிந்தது. சஞ்சய் ரானே, மகேந்திர தேசாய் என்ற இரண்டு அதிகாரிகள் அங்கேயே இறந்தார்கள். துணைத் தலைமை அதிகாரி சுதீர் அமீன் சில நாளில் மருத்துவமனையில் இறந்தார். படையின் தலைமை அதிகாரி சுனில் நேஸ்ரிகர் மே 24 அன்று இறந்தார். அவ்வளவு பெரிய நகரத்தின் தீயணைப்புத் தலைவரே ஒரு சந்துக்குள் தன் ஆட்களோடு நின்றிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். இந்த வேலையில் மேலதிகாரி என்பவர் பின்னால் நிற்பவர் அல்ல. கலச மஹாலிலும் அதைத்தான் பார்த்தோம்.

வெடித்து இறந்ததற்கு உதாரணம் கொடுங்கையூர். 2017 ஜூலையில் ஓர் இரவு, பூட்டியிருந்த தின்பண்டக் கடையில் தீ. ஷட்டரைத் திறக்க முயன்றபோது உள்ளே இருந்த கேஸ் சிலிண்டர் வெடித்தது. ஏகராஜ் என்ற வீரர் இறந்தார். வேடிக்கை பார்க்க நின்றவர்கள் பலருக்குப் பலத்த காயம். சிலர் பிறகு இறந்தும் போனார்கள். சிலிண்டருக்குள் இருப்பது திரவம். ஒரு லிட்டர் வெளியே வந்தால் ஏறக்குறைய 250 லிட்டர் வாயுவாகும். தீயில் சூடான சிலிண்டர் பிளந்தால் அது ஒரு நொடியில் நடக்கும். செல்போனில் படம் எடுக்க முன்னால் வந்து நிற்பவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது.

இவை எல்லாவற்றிலும் எனக்கு ஒரே விஷயம்தான் உறுத்துகிறது. உள்ளே போனவனுக்குத் தெரியாத ஒன்று உள்ளே இருந்தது. ஏற்றாத ஒரு கொடி, உள்ளே மெலிந்துபோன ஒரு உத்தரம், ஷட்டருக்குப் பின்னால் ஒரு சிலிண்டர். என் அனுபவத்தில் ஒரு கிடங்குத் தீ. உரிமையாளர் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார். "உள்ள என்னங்க இருக்கு?" என்று கேட்டேன். "துணிதான் சார், வெறும் துணி" என்றார். இரண்டு பையன்களைக் குழாயோடு உள்ளே அனுப்பினேன். நாலு அடி போனதும் முன்னால் போனவன் அப்படியே பின்வாங்கி வந்து, "சார், தின்னர் வாடை" என்றான். வெளியே இழுத்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, உள்ளே டிரம்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. உரிமம் இல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்திருக்கிறார். அந்தப் பையனுக்கு மூக்கு நன்றாக வேலை செய்தது, அதனால் அவன் பெயர் எந்த நினைவுத் தூணிலும் இல்லை. இன்னும் பணியில்தான் இருக்கிறான்.

ஆகவே இறந்தவர்களுக்கு நாங்கள் என்ன செய்யலாம் என்று யாராவது கேட்டால் நான் மாலை, மெழுகுவத்தி என்று சொல்வதில்லை. வண்டி வந்து நின்றதும் அலுவலர் மூன்று கேள்வி கேட்பார்: உள்ளே ஆள் இருக்கிறார்களா, என்ன சரக்கு இருக்கிறது, சிலிண்டர் எத்தனை, எங்கே. அதற்கு உண்மையான பதில் சொல்ல ஒருவர் முன்னால் வந்தால் போதும். எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று தெரிந்தால் அதை உரக்கச் சொல்லுங்கள். ஆள் இருக்கிறாரோ என்ற சந்தேகம் இருக்கும்வரை நாங்கள் உள்ளே போய்க்கொண்டேதான் இருப்போம். ஆளே இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால், விழப்போகிற கட்டடத்தை வெளியே நின்று அணைக்கலாம்.

கலச மஹாலைப் பிறகு பழைய முறையிலேயே சீரமைத்துவிட்டார்கள். இப்போது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே நடக்கிறது. சிவப்புச் சுவர், அழகான கட்டடம். கடற்கரைக்குப் போகும் வழியில் உங்கள் மகனுக்குக் காட்டலாம். அன்பழகன் என்ற பெயரையும் சொல்லுங்கள். பையனுக்கு 66 என்ற எண்ணைவிட ஒரு பெயர் நன்றாக நினைவில் நிற்கும்.

எதிரே இருக்கும் நிலையத்துக்கும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். 14ஆம் தேதி காலை வேண்டாம், அன்று எல்லோரும் கஞ்சி போட்ட சீருடையில் விறைப்பாக இருப்பார்கள். 15ஆம் தேதிக்குப் பிறகு அந்த வாரத்தில் ஏதாவது ஒரு நாள் போனால், வண்டியில் ஏறிப் பார்க்க விடுவார்கள். கேட்டால் குழாயைக்கூடக் கையில் கொடுப்பார்கள். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள், பின்னால் ஒருவர் அவனைத் தாங்கி நிற்கட்டும். தண்ணீர் வந்ததும் ஆளைப் பின்னால் தள்ளும்.